கோபம் இருக்கிறது, கோவிலை விடவில்லை



நான் தீவகத்தில், ஊர்காவற்றுறைப் பக்கமாக உள்ள ஒரு சிறு கிராமத்தைச் சேர்ந்தவள். தையல் தான் என் தொழில். ஞாயிறு பூசைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவள். எங்கள் கோவில் சுவாமியோடு முரண்பட்டவள் என்று ஊரில் எனக்கொரு பெயரும் உண்டு. இந்த இரண்டும் எப்படி ஒருத்திக்குப் பொருந்தும் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன். என்னைப் போலவும் என் தங்கச்சியைப் போலவும் உங்களில் பலர் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

1990 ஆகஸ்ட் மாதம் இராணுவம் தீவுப்பகுதிக்கு வந்தபோது எனக்கு 22 வயது. கைக்குழந்தையோடும் அம்மாவோடும் வள்ளத்தில் ஏறினேன். “மாட்டை அவிட்டு விட்டிட்டு வாறன், நீங்கள் முன்னால போங்கோ” என்று சொல்லிப் போன என் கணவர் அடுத்த வள்ளத்தில் வரவில்லை. அதற்கடுத்த வள்ளத்திலும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அந்த ஆகஸ்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் பகுதிகளில் காணாமற்போன ஆண்களைத் தேடிப் பெண்கள் அலைந்த அலைச்சலில் நானும் ஒருத்தி. அப்போது எங்களுக்கு எழுதத் தெரியாத கடிதங்களை எழுதித் தந்தவர்களும், முகாம் வாசல்களுக்கு எங்களைக் கூட்டிச் சென்றவர்களும் சுவாமிமாரும் கன்னியரும் தான். இதை நான் முதலில் சொல்லியாக வேண்டும். என் கோபத்தைப் பற்றிச் சொல்ல வருபவள் என் கடனை மறந்துவிடக் கூடாது.

என் தங்கச்சி என்னைவிட 12 வயது இளையவள். வன்னியில் கலியாணம் செய்தாள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் தண்ணீர் எடுக்கப் போன அவளின் கணவர் திரும்பவில்லை. மூன்று வயது மகனோடு செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு 2010 இல் எங்களிடம் வந்து சேர்ந்தாள். ஒரே வீட்டில் காணாமற்போனவர்களின் மனைவிமார் இருவர். ஆனால் நாங்கள் இருவரும் ஒரே மாதிரி நினைக்கவில்லை. எனக்கு என் கணவர் இறந்துவிட்டார் என்று சொல்ல மனம் வரவில்லை. அவளோ, “அக்கா, அவர் உயிரோட இருந்தால் எப்பிடியும் என்னைத் தேடி வந்திருப்பார்” என்று ஒரு நாள் அழுது முடித்தாள். அதன் பிறகு அழவில்லை. இருவரில் யார் சரி என்று நான் சொல்ல மாட்டேன். காணாமற்போனவரைச் சுமப்பதில் ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு வழி.

முதல் முரண்பாடு 2014 இல் வந்தது. ஒவ்வொரு நவம்பர் 2 ஆம் திகதியும் இறந்த ஆன்மாக்களின் நினைவு நாளில் குடும்பங்கள் கொடுக்கும் பெயர்களைப் பூசையில் வாசிப்பார்கள். அந்த வருடம் பங்குச்சபை கூடி, யுத்தத்தில் இறந்தவர்கள், காணாமற்போனவர்கள் எல்லோருடைய பெயர்களையும் ஒரே பட்டியலாக எழுதி வாசிப்பது என்று முடிவெடுத்தது. என்னை ஒருவரும் கேட்கவில்லை. பூசையில் முழந்தாளிட்டிருந்தபோது என் கணவரின் பெயர் இறந்தவர்களோடு வாசிக்கப்பட்டதைக் கேட்டேன். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பிறகு சுவாமியிடம் போய், பெயரை எடுத்துவிடும்படி கேட்டேன்.

“செபம் வீணாப் போகாது. அவர் உயிரோட இருந்தாலும் அந்தச் செபம் அவருக்குத்தான் சேரும். ஏன் இப்பிடி அடம்பிடிக்கிறியள்?”

“சுவாமி, நான் அவருக்கு மரண அத்தாட்சிப்பத்திரம் எடுக்கேல்லை. நட்டஈடு தாறம் எண்டு சொன்ன கந்தோருக்கே நான் கையெழுத்து வைக்கேல்லை. ஆண்டவரின்ர பீடத்தில வைப்பனா?”

“24 வருசமாச்சு. உங்கட மனதுக்கும் ஒரு ஆறுதல் வேணும்.”

அவர் கெட்டவர் அல்லர். எனக்கு ஆறுதல் வேண்டும் என்று தான் நினைத்தார். ஆனால் என் ஆறுதல் எது என்பதை என்னிடம் கேட்காமலே தீர்மானித்தார். பெயர் எடுக்கப்படவில்லை. அடுத்த வருடமும் வாசிக்கப்பட்டது.

இரண்டாவது முரண்பாடு தங்கச்சியினுடையது. கடற்றொழில் செய்யும் ஒருவர், சுனாமியில் மனைவியை இழந்தவர், எங்கள் சமயத்தவர், 2016 இல் அவளைக் கேட்டு வந்தார். அவளின் மகனும் அவரோடு நன்றாக ஒட்டிக்கொண்டான். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, யுத்த காலத்தில் ஒரு வருடத்துக்கு மேல் காணாமற்போனவருக்கு அப்போது இறப்புப் பதிவு செய்ய முடிந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தங்கச்சி அப்படிப் பதிவு செய்து பத்திரம் எடுத்திருந்தாள். அதைக் கொண்டுபோய்ச் சுவாமியிடம் கோவிலில் கலியாணம் எழுதக் கேட்டாள்.

“இந்தப் பத்திரம் அரசாங்கத்துக்குப் போதும். திருச்சபைக்குப் போதாது. அவர் செத்ததை ஆர் கண்டது?”

ஒருவரும் காணவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் ஓடிய இடத்தில் யார் யாரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்?

சகோதரிகளே, என் கோபம் எங்கே பிறந்தது என்று இப்போது உங்களுக்கு விளங்கும். உடல் கிடைக்காத என் கணவரைக் கோவில் இறந்தவர் என்றது. உடல் கிடைக்காத தங்கச்சியின் கணவரைக் கோவில் இறந்தவர் அல்ல என்றது. இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பெண்கள், ஒரே வாங்கில் இருந்து பூசை காண்பவர்கள். எங்களில் எவள் எதைச் சொன்னாலும் அதற்கு எதிரானது தான் தீர்ப்பாக வந்தது.

2017 இல் தங்கச்சி பதிவாளர் முன்னிலையில் கலியாணம் எழுதினாள். மறைக்கல்வி ஆசிரியை அந்தக் கலியாணத்துக்குப் போனால் பிள்ளைகளுக்குத் தவறான முன்மாதிரி என்று எனக்குச் சொல்லியனுப்பப்பட்டது. நான் போனேன். சாட்சிக் கையெழுத்தும் வைத்தேன். அடுத்த ஞாயிறு என் வகுப்பை வேறொருவர் எடுத்தார். 16 வருடங்களாக நான் சொல்லிக்கொடுத்த வகுப்பு அது.

மூன்று ஞாயிறு நான் கோவிலுக்குப் போகவில்லை. வேறு சபைக்காரர் சிலர் வீட்டுக்கு வந்து அன்பாகக் கதைத்தார்கள். “எங்களிட்ட வாங்கோ, ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்” என்றார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மனம் போகவில்லை. நான்காவது ஞாயிறு காலை அம்மா, கண் பார்வை குறைந்திருந்த நிலையிலும், சேலை உடுத்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“பிள்ளை, உனக்குச் சுவாமியோட கோவமோ, ஆண்டவரோட கோவமோ?”

“சுவாமியோட தான் அம்மா.”

“அப்ப ஏன் ஆண்டவரின்ர வீட்டுக்குப் போகாமல் இருக்கிறாய்? எழும்பு. என்னைக் கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு போ.”

போனேன். அன்று முதல் ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை. அம்மா படிக்காதவர். ஆனால் எங்கள் முன்னோரின் விசுவாசம் அவருடைய வாயால் பேசியது என்று நினைக்கிறேன். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். கோவில்களையும் எடுத்துக்கொண்டார்கள். 1687 இல் யோசவாஸ் அடிகளார் கோவாவிலிருந்து ஒளித்து வந்து சேரும் வரை ஏறக்குறைய 29 வருடங்கள் எங்கள் சனங்கள் குருக்கள் இல்லாமல் வாழ்ந்தார்கள். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக உயர்த்தினார். அந்தப் புனிதர் வந்தபோது இங்கே விசுவாசம் மிஞ்சியிருந்ததென்றால், அதை வீடுகளுக்குள் இருந்து காப்பாற்றியவர்கள் சாதாரண சனங்கள். செபமாலை பிடித்த தாய்மாரும் அவர்களில் அடங்குவர். திருச்சபை எங்களுடையதும் தான் என்று சொல்ல எனக்கு இதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

ஆனால் கோவிலுக்குப் போவதோடு வாய் மூடியிருக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கன்னியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுத் திருச்சபைச் சட்டநூலை எடுத்து வந்தார். 1983 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வெளியிட்ட நூல் அது. அதில் இரண்டு இடங்களை எனக்கு விளக்கினார்.

ஒன்று, 212 ஆம் சட்டம். திருச்சபையின் நன்மைக்கானது என்று தமக்குப் படுவதை, மரியாதையோடு, மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில வேளைகளில் அது கடமையும் கூட என்று அது சொல்கிறது. நான் அதுவரை எதிர்த்துக் கதைப்பது பாவம் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொண்டிருந்தவள்!

மற்றது, 1707 ஆம் சட்டம். கணவன் அல்லது மனைவியின் இறப்பைப் பத்திரத்தால் நிரூபிக்க முடியாதபோது, இறந்துவிட்டதாகக் கருதலாம் என்று ஆயர் தீர்மானம் அறிவிக்க முடியும். பல காலம் காணவில்லை என்பது மட்டும் அதற்குப் போதாது. ஆனால் கண்ணால் கண்ட சாட்சி தான் வேண்டும் என்றும் இல்லை. சாட்சிகளின் வாக்குமூலம், சனங்களிடையே உள்ள பேச்சு, சூழ்நிலைகள் இவற்றை விசாரித்து ஆயருக்கு மனதளவில் உறுதி ஏற்பட்டால் போதும். சிக்கலான விடயமானால் உரோமாபுரியைக் கேட்கலாம்.

“சட்டம் கதவைப் பூட்டேல்லை, தட்டச் சொல்லுது. உங்கட சுவாமி தட்டவே விடேல்லை” என்றார் அந்தக் கன்னியர்.

அவர் தான் எனக்குத் திஸ்ஸ பாலசூரிய அடிகளாரைப் பற்றியும் சொன்னார். உங்களில் சிலருக்கு அந்தப் பெயர் நினைவிருக்கலாம். சிங்களவர். எங்கள் யாழ்ப்பாணத்துக்கு நூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன்பே வந்து உழைத்த அதே அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த குரு. கொழும்பில் சமூக, சமய ஆய்வு நிலையம் ஒன்றை 1971 இல் தொடங்கி ஏழைகளின் பக்கம் நின்று எழுதியவர். 1990 இல் அவர் மாதாவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். நாம் மாதாவைத் தலைகுனிந்த, பேசாத, கீழ்ப்படிந்த பெண்ணாகவே வணங்கிப் பழகிவிட்டோம் என்றும், உண்மையில் அவர் துணிவுள்ள, ஏழைகளின் துன்பத்தை அனுபவித்த பெண் என்றும் அதில் எழுதினார். சென்மபாவம் போன்ற சில போதனைகளையும் கேள்விக்குள்ளாக்கினார். 1994 இல் இலங்கை ஆயர்கள் அந்த நூலை எச்சரித்தார்கள். வத்திக்கான் அவருக்கென ஒரு விசுவாச அறிக்கையை எழுதிக் கையொப்பமிடக் கேட்டது. அவர் அதற்கு இணங்கவில்லை. 1997 ஜனவரியில், தமது 72 ஆவது வயதில், அவர் சபைவிலக்குச் செய்யப்பட்டார்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? வேறு சபைக்குப் போகவில்லை. தமது துறவறச் சபையை விட்டும் விலகவில்லை. தாம் கத்தோலிக்கரே என்று சொல்லிக்கொண்டு, தம்மைக் கேட்டு விசாரிக்கும்படி மேல்முறையீடு செய்தார். உலகின் பல பாகங்களிலிருந்தும் அவருக்காகக் கடிதங்கள் போயின. பேச்சுவார்த்தை நடந்தது. தமது எழுத்தால் ஏற்பட்ட மனத்தாங்கலுக்கு அவர் வருத்தம் தெரிவித்தார். அவருக்கென்று எழுதப்பட்ட அந்த அறிக்கையில் கையொப்பமிட வேண்டியிருக்கவில்லை. 1998 ஜனவரி 15 ஆம் திகதி விலக்கு நீக்கப்பட்டது. 2013 ஜனவரியில் இறக்கும்போது அவர் திருச்சபையின் குருவாகவே இறந்தார்.

அவர் எழுதியதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல எனக்குப் படிப்பும் இல்லை. சென்மபாவத்தை நான் என் வகுப்பில் இப்போதும் படிப்பிக்கிறேன். அவர் சண்டை போதனையைப் பற்றியது, என்னுடையது ஒரு பெயரையும் ஒரு பத்திரத்தையும் பற்றியது. ஆனால் வெளியே தள்ளப்பட்ட பிறகும் வாசலை விட்டுப் போகாமல், தாம் நம்பியதையும் விட்டுக்கொடுக்காமல் நிற்க ஒருவரால் முடியும் என்று அறிந்தது எனக்குப் பெரிய பலமாக இருந்தது. அவுஸ்திரேலியாவில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய மேரி மக்கிலொப் என்ற கன்னியரையும் 1871 இல் அவருடைய ஆயர் சபைவிலக்குச் செய்தார். ஐந்து மாதங்களில் அதே ஆயர் அதை நீக்கினார். 2010 இல் அந்தக் கன்னியரே புனிதையாக உயர்த்தப்பட்டார்.

வேதாகமத்தையும் நான் புதிதாக வாசிக்கத் தொடங்கினேன். தன் மகளுக்காக இயேசுவோடேயே வாதாடிய கானானியப் பெண்ணை எத்தனை தரம் கேட்டிருப்போம்! அவர் அவளைத் திட்டி அனுப்பவில்லை. அவளது விசுவாசம் பெரியது என்றார். அநீதியான நீதிபதியை ஓயாமல் தொந்தரவு செய்த கைம்பெண்ணைச் செபத்துக்கு உதாரணமாகக் காட்டியவரும் அவரே. கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிய நமக்கு அந்தக் கைம்பெண் அந்நியள் அல்ல.

கன்னியரின் உதவியோடு மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். யாரையும் திட்டி எழுதவில்லை. எங்கள் வீட்டுக் கதையை எழுதினேன். என் கணவர் பற்றியும் தங்கச்சியின் கணவர் பற்றியும் கோவில் சொன்ன இரண்டு பதில்களையும் அடுத்தடுத்து எழுதினேன். கடைசியில் ஒரு விடயம் சேர்த்தேன். எங்கள் தீவகத்தில், அல்லைப்பிட்டியில், 2006 ஆகஸ்ட் 13 ஆம் திகதி கோவிலில் தஞ்சமடைந்திருந்த சனங்கள் மேல் செல் விழுந்து பலர் இறந்தார்கள். காயப்பட்டவர்களைக் காப்பாற்ற ஓடித் திரிந்த அந்தப் பங்கின் குருவான ஜிம் பிறவுண் அடிகளார் ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 20 ஆம் திகதி, காணாமற்போனார். அவரை எங்கே என்று கேட்டு ஆயர்களும் குருக்களும் கன்னியரும் குரல் கொடுத்தார்கள். காணாமற்போனவருக்காகக் காத்திருப்பது என்னவென்று திருச்சபைக்குத் தெரியும், ஆகவே என் வேதனையை உங்களுக்கு நான் புதிதாக விளக்கத் தேவையில்லை என்று எழுதினேன்.

பதில் வர ஏழு மாதம் எடுத்தது. தங்கச்சியின் விண்ணப்பத்தை ஏற்பதாகவும், சாட்சியங்களைச் சேர்த்துத் தரும்படியும் வந்தது. செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, முகாமில் எடுத்த பதிவு, அன்று அவளோடு ஒரே பதுங்குகுழியில் இருந்த இரண்டு பெண்களின் வாக்குமூலங்கள் எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். அவரைக் கடைசியாகத் தண்ணீர் எடுக்கும் இடத்தில் கண்டவர் ஒருவர் இப்போது வெளிநாட்டில். அவருடைய கடிதம் வரத் தாமதம். விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. முடிந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன்.

என் விடயம் முடிந்தது. 2019 இல் வந்த புதிய சுவாமி என்னை அழைத்து, பங்குச்சபையில் நேரடியாகப் பேசும்படி சொன்னார். எழுந்து நின்று பேசினேன். கால் நடுங்கியது. நான் பேசி முடித்ததும், அதுவரை வாயே திறக்காத இரண்டு தாய்மார் தங்கள் பிள்ளைகளின் பெயர்களையும் எடுத்துவிடும்படி கேட்டார்கள். அவர்களும் ஐந்து வருடமாக அந்த வேதனையை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்! அந்த வருடம் முதல் எங்கள் கோவிலில் நவம்பர் 2 ஆம் திகதி இறந்தவர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்ட பிறகு, காணாமற்போனவர்களுக்காக வேறாக ஒரு மன்றாட்டு உண்டு. எந்தப் பெயர் எதில் வரவேண்டும் என்பதை அந்தந்தக் குடும்பம் சொல்லும். சுவாமி என் வகுப்பையும் திருப்பித் தந்தார்.

தங்கச்சி ஒவ்வொரு ஞாயிறும் கடைசி வாங்கில் இருக்கிறாள். நற்கருணை வாங்குவதில்லை. அவளைச் சிலர் சபைவிலக்கானவள் என்று முதலில் பேசினார்கள். அது தவறு. இப்படியான நிலையில் இருப்பவர்கள் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதை மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2016 இல் குடும்பங்களைப் பற்றி எழுதிய மடலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அதை நான் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். யாராவது பேசினால் எடுத்துக் காட்டுவேன்.

2018 இல் பிறந்த அவளின் மகள் இப்போது முதல் நன்மைக்காக என்னிடம் தான் படிக்கிறாள். போன மாதம் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்.

“பெரியம்மா, எல்லாரும் நன்மை எடுக்கேக்க அம்மா ஏன் எழும்பிறேல்லை?”

பிள்ளைக்கு என்ன சொல்வது? திருச்சபையைப் பற்றி அவள் மனதில் கசப்பை விதைக்கவும் எனக்கு விருப்பமில்லை, அவளின் தாய் ஏதோ பிழை செய்தவள் என்று நினைக்க விடவும் மாட்டேன்.

“அம்மா ஒரு கடிதத்துக்குக் காத்திருக்கிறா” என்றேன்.

“எப்ப வரும்?”

“தெரியாது. நாங்கள் கேட்டுக்கொண்டு இருக்கிறம்.”

அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “நானும் கேக்கட்டே?” என்றாள். கேள் என்றேன். அன்றிரவு செபமாலையில் அவள் அதையும் சேர்த்துச் சொன்னாள்.

சகோதரிகளே, உங்களில் யாருக்காவது இப்படியொரு சிக்கல் இருந்தால், வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்காதீர்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். கேட்பதை எழுத்தில் கேளுங்கள், திகதி போட்டுப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாமல் இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கோபம் வந்தால் வரட்டும். ஆனால் அந்தக் கோபத்தோடேயே பூசைக்குப் போங்கள். நான் அப்படித்தான் போகிறேன். வரும் ஞாயிறும் போவேன், தங்கச்சிக்குப் பக்கத்தில், அதே கடைசி வாங்கில் இருப்பேன்.